எங்க பஜார் பூங்காவும் கல்மண்டபமும்: மாதம் 20,000 ரூபாயை எதில் போடுவது?

பஜார்_செயலாளர் (காலை 9.12)

தென்காசிப் பக்கம் ஒரு நகராட்சி. பஜாரின் கிழக்கு முனையில் 60 சென்ட் பூங்கா, நகராட்சிக்குச் சொந்தம். பூங்கா மூலையில் பதினாறு கால் கல்மண்டபம், வழிப்போக்கர் தங்கின பழைய சாவடி. மேல்தளம் சுமார் 700 சதுர அடி. மழை பெய்தால் நாலு இடத்தில் ஒழுகுது. வாசலுக்கு வெளியே ஒரு சுமைதாங்கி (வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்கிற கல்), ரோடு உசந்து உசந்து பாதி மண்ணுக்குள்ள. உள்ளே தூர்ந்த கிணறு.

சங்கத்தில் 40 கடை. கடைக்கு மாதம் 500 என்று ஒத்துக்கிட்டாங்க, ஆக 20,000. கூட்டத்தில் வந்த யோசனைகள்: கலர் லைட்டோடு நீரூற்று, ஊர் பேர் எழுதின செல்ஃபி பாயிண்ட், தரை முழுக்க பேவர் பிளாக், கடைப் பேரோடு கிரானைட் பெஞ்ச், மண்டபத்துக்கு பெயின்ட். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, எதை முதலில் எடுக்கிறது?

ஓவர்சியர்_ஓய்வு (9.40)

வேலையை விடுங்க, முதலில் காகிதம். பூங்கா நகராட்சியுடையது சரி. மண்டபமும் அப்படித்தானா? கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் (எந்த நிலம் யார் பேரில் என்று சொல்லும் பதிவேடு) அந்த சர்வே எண்ணைப் பாருங்க, புலப்பட நகலும் (நிலத்தின் அளவு வரைபடம்) வாங்குங்க. பழைய சாவடிகள் பல இடங்களில் தனி உட்பிரிவாக இருக்கும். கோயில் பேரில் இருந்தால் அறநிலையத் துறை அனுமதி இல்லாமல் ஒரு கல்லைத் தொடக் கூடாது. மத்திய தொல்லியல் துறையோ மாநிலத் தொல்லியல் துறையோ பாதுகாக்கும் சின்னமா என்பதையும் பாருங்க. உங்க மண்டபம் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும், பக்கத்தில் மத்தியத் துறையின் சின்னம் ஒன்று இருந்தால் அதிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அதற்குள் பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும்.

அப்புறம் ஆணையருக்கு மனு, மன்றத் தீர்மானம், எழுத்தில் ஒப்பந்தம். தீர்மானம் இல்லாமல் ஆணையர் வாய்வார்த்தையில் "செய்யுங்க" என்று சொன்னதை நம்பி இறங்காதீங்க. அவர் மாறிப் போனால் அடுத்தவர் "யார் அனுமதிச்சது?" என்பார், அவர் கேட்பதும் நியாயம்தான்.

ஒப்பந்தத்தில் நாலு சங்கதி கட்டாயம் இருக்கணும். மின்கட்டணம் யார், தண்ணீர் யார், பெயர்ப்பலகை எவ்வளவு பெரிசு, ஒப்படைக்கும்போது உள்ளே என்னென்ன இருந்தது. கடைசியானதற்கு போட்டோவோடு பட்டியல் போட்டு இரண்டு பக்கமும் கையெழுத்து. காணாமல் போன ஊஞ்சல் சங்கிலிக்கு மூணு வருஷம் கழித்து உங்களைக் கேட்கக் கூடாது பாருங்க.

வரிகட்டுறவன் (9.58)

சொத்து வரி கட்டுறோம், தொழில் வரி கட்டுறோம், குப்பைக்குத் தனியாக் கட்டுறோம். பூங்காவைப் பார்த்துக்கிறது நகராட்சி வேலை. இவங்க செய்யாததை நாம செஞ்சா நாளைக்கு சாக்கடையையும் நம்ம தலையில கட்டுவாங்க.

ஓவர்சியர்_ஓய்வு (10.15)

அண்ணாச்சி கேட்பதில் பாதி சரி. அதனால்தான் எது அவங்க செலவு, எது உங்க செலவு என்று ஒப்பந்தத்திலேயே கோடு போடச் சொல்றேன். சுற்றுச்சுவர், போர்வெல், கழிப்பறைக் கட்டடம் மாதிரி பெரிய வேலைகள் அவங்களுடையது. அதையும் சும்மா கேட்க வேண்டாம். நமக்கு நாமே திட்டம் இருக்கு. 1997-இல் வந்தது, 2021-இல் மறுபடி உயிர் கொடுத்தாங்க. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதி அரசு நிதி. 12 லட்ச ரூபாய் வேலைக்கு நீங்க 4 லட்சம் கட்டணும்.

ஒரு பொறி இருக்கு. மதிப்பீடு போடுவது துறையின் விலைப்பட்டியலை வைத்து. அதில் சிமென்ட், டைல்ஸ், பேவர் பிளாக் எல்லாம் தயாரா வரிசையில் நிற்கும். சுண்ணாம்பு வேலை என்று நீங்க வாயால் சொன்னால் காகிதத்தில் சிமென்ட் பூச்சாகத்தான் வரும். அதனால் மண்டபத்தை இந்தத் திட்டத்தில் சேர்க்காதீங்க. பூங்காச் சுவரையும் கழிப்பறையையும் சேருங்க.

சுண்ணாம்புக்கலவை (11.05)

மண்டபத்துக்கு பெயின்ட் என்கிற யோசனையை இன்றைக்கே குப்பையில் போடுங்க. எனாமல் அடிச்ச கல் மூச்சு விடாது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இல்லாமல் பெயின்ட் படலத்துக்குப் பின்னால் உப்பாகப் பூத்து, கல்லின் மேல்தோலையும் சேர்த்து உரிச்சுக்கிட்டு வரும். இப்பவே அடிச்சிருந்தால் மணல் வீச்சு இயந்திரம் வேண்டாம், ஆசிட் வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டாம். கோயில்களிலேயே மணல் வீச்சுக்குத் தடை. பெயின்ட் ரிமூவர் ஜெல்லை, எழுத்தோ சிற்பமோ இல்லாத உள்பக்கத்தில் ஒரு சாண் இடத்தில் பூசி, கால் மணி நேரம் விட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்ச்சு, தண்ணீரில் கழுவிப் பாருங்க. கல்லின் நிறம் மாறாவிட்டால் மட்டும் மேற்கொண்டு போகலாம். கல்வெட்டு இருக்கும் தூணை அப்படியே விட்டுட்டு தொல்லியல் துறைக்குக் கடிதம் போடுங்க, மைப்படி (மை தடவிக் காகிதத்தில் எழுத்தின் பிரதி) எடுக்கட்டும்.

முதல் செலவு மேல்தளம். ஒழுகலைக் கண்டதும் எல்லோரும் செய்வது, இருக்கிற தளத்து மேல் சிமென்ட் கலவை போட்டு வாட்டர் ப்ரூஃப் பூசுவது. இரண்டு மழைக்கு நிற்கும். பிறகு வெயிலில் கல் ஒரு மாதிரி விரியும், சிமென்ட் ஒரு மாதிரி விரியும், மயிரிழை விரிசல் விடும். அதில் இறங்கின தண்ணீர் மேலே வர முடியாமல் கீழே உத்தரத்தில்தான் சொட்டும்.

சரியான முறை: பழைய தளத்தைக் கல்பலகை தெரியும் வரை கையால் கொத்தி எடுக்கணும், பிரேக்கர் மெஷின் கூடாது. பலகை இணைப்புகளைச் சுரண்டி சுண்ணாம்புக் கலவையால் அடைக்கணும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். ஓரத்தில் இரண்டு அங்குலம், வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம் என்று வைத்தால் நடுவில் ஐந்து அங்குலத்தைத் தொடும். சராசரி மூன்றரை. உங்க 700 சதுர அடிக்கு அடித்து இறுகிய கணக்கு சுமார் 205 கன அடி. அடிக்கும்போது அமுங்கும், அதனால் ஜல்லி இரண்டே முக்கால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வேண்டும். 100 கன அடி ஜல்லிக்கு 40 கன அடி கலவை என்று வைத்தால் 110 கன அடி கலவை.

இன்னொரு கணக்கும் பார்த்துக்குங்க. அந்தத் தளத்தின் எடை மட்டும் பத்து டன். பழசை எடுக்காமல் அது மேலேயே புதுசு போட்டால், மூணு தடவை ரிப்பேர் ஆன மண்டபத்தில் முப்பது டன் கூடுதலாக உட்கார்ந்திருக்கும். கல் உத்தரம் நடுவில் விரிவது பெரும்பாலும் இதனால்தான்.

பஜார்_செயலாளர் (11.20)

சுண்ணாம்பு எங்கே, எப்படி? இங்கே கொத்தனார் எல்லாம் சிமென்ட் ஆட்கள்தான்.

சுண்ணாம்புக்கலவை (11.48)

உங்க ஜில்லாவுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு தூத்துக்குடிப் பக்கமிருந்து கிடைக்கும். சுட்ட சுண்ணாம்பாக, நீர்த்துப் போகாததாகப் பார்த்து வாங்குங்க. தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும். கொதித்துத் தெறிக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் கிட்ட விடாதீங்க. வடிகட்டி, மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது 15 நாள் ஊறணும். ஊறாத கட்டி கலவையில் போனால் ஆறு மாசம் கழித்து உள்ளேயே வெடித்துப் பூச்சைத் தள்ளும், அம்மைக் கொப்புளம் மாதிரி. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு ஆற்று மணல். கடல் மணல் கலந்திருந்தால் உப்பு, வாயில் வைத்துப் பார்த்தாலே தெரியும். கடுக்காயும் வெல்லமும் ஊறின நீரைச் சேர்க்கலாம், ஆனால் அளவு தெரிந்த ஆள் இல்லாமல் சேர்க்க வேண்டாம். வெல்லம் மிஞ்சினால் இறுகத் தாமதமாகும், எறும்பும் ஏறும்.

தளம் போட்டதும் மரக்கட்டையால் அடிக்கணும். வரிசையாக உட்கார்ந்து குறைந்தது ஏழு நாள், கட்டை துள்ளித் திரும்பி வரும் வரை. பிறகு மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்து, பத்து நாள் ஈரச்சாக்கு. இந்த அடிக்கிற கூலியைத்தான் ஒப்பந்ததாரர் மிச்சம் பிடிப்பார், அதனால் அதைத் தனி வரியாக எழுதி வாங்குங்க.

காலம் முக்கியம். உங்க ஊரில் ஜூனில் சாரல் தொடங்கிவிடும், ஐப்பசியில் மறுபடி மழை. பொங்கல் கழித்து ஆரம்பித்து சித்திரைக்குள் முடிங்க. ஆள் வேண்டுமென்றால் கோயில் திருப்பணியில் சுண்ணாம்பு வேலை செய்கிற ஸ்தபதியிடம் கேளுங்க. சிமென்ட் கொத்தனார் இரண்டு பேரைக் கூடவே விட்டுக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்க. அடுத்த ஒட்டு வேலைக்கு ஊரிலேயே ஆள் இருக்கும்.

தூண் இடுக்கில் அரசங்கன்று இருந்தால் பிடுங்கி இழுக்காதீங்க, கல் நகர்ந்துவிடும். கன்றைக் கொல்ல ஊற்றுகிற உப்பு, மண்ணெண்ணெய், ஆசிட் மூன்றும் கல்லைக் கெடுக்கும். கன்றை ஒட்ட வெட்டி, வெட்டின ஈரம் காய்வதற்குள் உரிமம் உள்ள ஆள் கையால் வெட்டுவாயில் மட்டும் களைக்கொல்லி தடவச் சொல்லுங்க. வேர் செத்த பிறகு நோண்டி எடுத்து, பொந்தைக் கலவையால் அடைக்கணும்.

மரம்வைப்பவர் (12.30)

பூங்காவுக்கு வருவோம். 60 சென்ட் என்றால் சுமார் 2,430 சதுர மீட்டர். கேட்கிற எல்லோரும் புல்தரை கேட்பாங்க. பாதி இடத்தில், 1,200 சதுர மீட்டரில் புல் போட்டால், கோடையில் சதுர மீட்டருக்கு நாளைக்கு 5 லிட்டர். மொத்தம் 6,000 லிட்டர். இரண்டு நாளைக்கு ஒரு 12,000 லிட்டர் லாரி! உங்க 20,000 ரூபாய் மாதம் பாதி தாண்டுவதற்குள் தண்ணீராகவே ஓடிவிடும். பிள்ளைகள் உருள்வதற்கு 2,000 சதுர அடி புல் போதும், 930 லிட்டரில் அடங்கும். மற்ற இடம் மரநிழலும் சருகு மூடாக்கும்.

தரை முழுக்க பேவர் பிளாக் போட்டால் மரத்தடியில் மழைநீர் இறங்காது, வேர் மேலே வந்து கல்லைத் தூக்கும், பிறகு மரத்தைத்தான் குற்றம் சொல்வாங்க. நடைபாதைக்கு ஐந்தடி அகலம் போதும். மரத்தைச் சுற்றி மூணடி ஆரத்துக்கு வெறும் மண்.

கன்று: மகிழம், புங்கன், நாவல், இலுப்பை, பூவரசு, வேம்பு. கிணற்றோரம் மருதம். குழி மூணடிக்கு மூணடி, ஆழமும் மூணடி. மேல்மண், மட்கின எரு, செம்மண் மூன்றும் சமபங்கு. இருபதடி இடைவெளி. ஆளுயரக் கன்றாக வாங்குங்க, ஆடு மாடு வாய்க்கு எட்டாது. வாரம் இரண்டு தடவை 20 லிட்டர், இரண்டு கோடைக்கு. மூன்றாம் வருஷம் அதுவே பிழைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கடையும் தன் வாசலுக்கு எதிரே உள்ள ஒரு கன்றுக்குப் பொறுப்பு என்று பிரித்தால் வேலை நடக்கும். எல்லோருக்கும் பொது என்றால் ஒருத்தரும் ஊற்ற மாட்டாங்க.

நர்சரிக்காரர் சீக்கிரம் பச்சையாகும் என்று கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு மரத்தைத் தள்ளப் பார்ப்பார். வாங்காதீங்க. குஜராத் அரசு 2023-லேயே அதை நடத் தடை போட்டது.

சுண்ணாம்புக்கலவை (12.41)

அந்தக் கிணற்றை மூடி மேலே செல்ஃபி பாயிண்ட் வைக்காமல் இருந்தால் சரி. தூர் வாரி, கைப்பிடிச் சுவரை எழுப்பி, இரும்பு வலை போடுங்க. மண்டபத் தளத்துத் தண்ணீரை ஒரு மணல் வடிகட்டித் தொட்டி வழியாக அதில் விடலாம். 65 சதுர மீட்டர் தளம், 10 மில்லிமீட்டர் மழைக்கு 650 லிட்டர். தூர் வாரும்போது ஆளை இறக்குவதற்கு முன் காற்று சோதனை கட்டாயம். எரியும் விளக்கை இறக்கிப் பார்ப்பது போதாது, வாயு அளக்கும் கருவி உள்ள தீயணைப்பு நிலையத்தைக் கேளுங்க.

மின்கம்பம் (1.25)

விளக்கு பற்றி யாரும் பேசலை. பூங்காவில் ஷாக் அடிப்பது பெரும்பாலும் கம்பத்தின் அடியில் இருக்கும் மூடியில்லாத ஜங்ஷன் பெட்டியால்தான். பெட்டியைத் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் வையுங்க. ஆர்மர்டு கேபிள், இரண்டரை அடி ஆழம், மேலே மணலும் செங்கல்லும். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்). அது அடிக்கடி விழுது என்று எலக்ட்ரீஷியன் அதை பைபாஸ் செய்தால் ஆளை மாற்றுங்க. விழுவது அதனோட வேலை, எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம்.

மண்டபத்துக்கு 3,000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம், தரையில் தனி ஸ்டாண்டில். தூணில் துளை போட்டு கிளாம்ப் அடிக்கவே கூடாது. கலர் மாறும் லைட் வேண்டாம், பழைய கல் கல்யாண மண்டபம் மாதிரி தெரியும்.

ஆடிட்டர்_நெல்லை (3.10)

பண விஷயம். உங்க 40 கடையில் ஒருத்தருக்கும் சி.எஸ்.ஆர். (கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடும் சட்டக் கடமை) பொருந்தாது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றையாவது தொடுகிற கம்பெனிக்குத்தான் அந்த இரண்டு சதவீதக் கட்டாயம். ஆனால் உங்க பஜாரில் கிளை வைத்திருக்கும் பெரிய நகைக்கடை, வங்கி, வாகன டீலருக்குப் பின்னால் இருக்கும் கம்பெனி, இவங்களைக் கேட்கலாம். பழமையான கட்டடங்களைப் புதுப்பிப்பது அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கு. சங்கத்தின் பேரில் அந்தப் பணத்தை வாங்கி வேலை செய்ய சி.எஸ்.ஆர்.-1 பதிவு வேண்டும், அதற்கு முன்னால் வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி என்று பழக்கத்தில் சொல்கிற இரண்டும் வேண்டும்: தரும அமைப்பு என்ற பதிவும், நன்கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்கிற அனுமதியும். ஒரு மண்டபத் தளத்துக்காக இவ்வளவும் செய்யணுமா என்றால், என் கருத்து, வேண்டாம். கம்பெனியே நேராக ஸ்தபதிக்குக் கொடுக்கட்டும்.

80ஜி ரசீதுக்காகக் கொடுப்பதாக இருந்தால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் செல்லாது. தனிநபர் புதிய வரி முறையில் இருந்தால் 80ஜி கழிவே கிடையாது. சின்னக் கடைகளில் பாதிப் பேர் இப்போது அதில்தான் இருக்காங்க, ரசீதைக் காட்டி ஆசை காட்டாதீங்க.

பெயர்ப்பலகை. தரும அமைப்புக்கு நன்கொடை கொடுத்தவர் பேரை நன்றியாகப் போட்டால் அது விளம்பரம் ஆகாது, ஜி.எஸ்.டி. இல்லை என்று 2019 அக்டோபர் சுற்றறிக்கையே சொல்லுது. அதே பலகையில் "மெயின் ரோடு, ஆடித் தள்ளுபடி, போன் நம்பர்" என்று எழுதினால் விளம்பரம் ஆயிடும்.

வரிகட்டுறவன் (3.32)

அப்போ பேரும் சின்னதா, வரிச்சலுகையும் இல்லை. கடைக்காரன் எதுக்கு மாசாமாசம் 500 கொடுக்கணும்? ஒரே தடவையா பெஞ்ச் வாங்கிப் போட்டு பேரு செதுக்கிட்டுப் போயிரலாமே.

மகமை (4.20)

அண்ணாச்சி, கோயில் டியூப் லைட்டைப் பார்த்திருப்பீங்க. "உபயம்" என்று இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை எழுதி, வெளிச்சம் வர இடமே இருக்காது. லைட்டு பியூஸ் ஆனால் உபயதாரர் வந்து மாத்துவாரா? மாத்த மாட்டார், பேரு மட்டும் இருக்கும். பூங்காவில் 40 கிரானைட் பெஞ்ச் வந்தால் அதே கதிதான். வெயிலில் உட்கார முடியாது. உடைஞ்ச பெஞ்ச்சை எடுக்கவும் முடியாது, பேர் போட்டவர் கோவிப்பார்.

நம்ம வியாபாரிகளுக்கு மாசாமாசம் கொடுக்கிற பழக்கம் புதுசா என்ன? விருதுநகரில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை, அதாவது பொதுக் காரியத்துக்கான பங்கு, பிடித்தாங்க. அந்தப் பணத்தில் 1889-இல் பள்ளிக்கூடம் வந்தது, காமராஜர் படித்ததும் அங்கேதான். எந்த மூட்டை யாருடையது என்று சுவரில் எழுதலை. சென்னையில் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவைப் பாருங்க. ஒரு நிதி நிறுவனம் வருஷக் கணக்காகப் பராமரிக்குது. அங்கே போகிறவங்க கண்ணில் படுவது சுத்தமான நடைபாதைதான்.

மாதக் கணக்கை இப்படி வையுங்க. காலை மாலை இரண்டு வேளை கழிப்பறையும் தரையும் சுத்தம் செய்யும் ஆளுக்குத்தான் பெரும்பங்கு, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பினாயில், பல்பு, ஊஞ்சல் புஷ், கிரீஸ் போன்ற சில்லறைக்கு ஒரு சிறு தொகை. மாதம் 3,000 மண்டபத்துக்கு என்று தனி வங்கிக் கணக்கில். இந்தக் கணக்கைத்தான் எல்லாச் சங்கமும் நீரூற்றுக்கு எடுத்துச் செலவழிக்கும். மூணு பேர் கையெழுத்து இல்லாமல் அது திறக்கக் கூடாது. தளம் போடும் பெரிய தொகைக்குத் தனி வசூல், ஒரே தடவை, ஒரே கல்லில் எல்லாப் பேரும் ஒரே அளவு எழுத்தில்.

கடைக்குக் கடை ஒரே 500 என்பதும் சரியில்லை. ஜவுளிக்கடைக்கும் பெட்டிக்கடைக்கும் ஒரே ரேட்டா? 200, 500, 1,000 என்று மூணு தட்டு வையுங்க, கூட்டினால் அதே 20,000 வரட்டும். பெட்டிக்கடைக்காரர் நாலாம் மாசம் நிறுத்தினால் அதைப் பார்த்து மற்றவங்களும் நிறுத்துவாங்க.

பஜார்_செயலாளர் (5.05)

ஊஞ்சல் புஷ் என்றீங்க. இருக்கிற ஊஞ்சல் கிரீச்சிடுது, அதுதானா?

மகமை (5.16)

அதேதான். புஷ் என்பது கொக்கிக்கும் குழாய்க்கும் நடுவில் போடுகிற உறை. அது இல்லாமல் கொக்கி நேராகக் குழாயில் உரசினால் இரண்டு வருஷத்தில் பாதி தேய்ஞ்சிரும், ஒரு நாள் பிள்ளையோடு அறுந்து விழும். மாதம் ஒரு தடவை கொக்கியைக் கழற்றிப் பார்க்கணும், மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் மாற்றணும். கீழே சிமென்ட் தரை கூடாது, முக்கால் அடியிலிருந்து ஒரு அடி வரை மணல், வாரம் ஒரு தடவை கிளறி விடணும். முன்னும் பின்னும் குறுக்குக் குழாய் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு இடம் காலியாக இருக்கணும்.

ஓவர்சியர்_ஓய்வு (5.40)

சுமைதாங்கியை மறந்துட்டீங்க. கர்ப்பத்தில் இறந்த பெண்களின் நினைவாகக் குடும்பத்தார் வைத்த கல் அது. இரண்டு நிறுத்துக்கல், மேலே ஒரு படுகல். பூங்காவுக்குள் தூக்கி வைப்போம் என்று யாராவது சொல்வாங்க. வேண்டாம், அது நிற்கிற இடம்தான் பழைய பாதை எது என்று காட்டுது. சுற்றி இரண்டடி அகலத்துக்குக் கையால் மண்ணை எடுத்து, பழைய தரைமட்டம் வரை இறங்கி, ஓரத்தில் கருங்கல் அடுக்கி ஒரு சின்னப் பள்ளமாக விடுங்க. தண்ணீர் வடிய ஒரு குழாய். அடியில் கான்கிரீட் வேண்டாம். படுகல்லில் எழுத்து இருக்கலாம், தேய்க்க வேண்டாம். அடுத்த தடவை ரோடு போடும்போது பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல்லி இப்போதே மனு கொடுங்க.

பஜார்_செயலாளர் (8.30)

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வைக்கிற வரிசை: அ-பதிவேடு, மன்றத் தீர்மானம், சுத்தம் செய்ய ஆள், மூணு தட்டு மகமை. தளம் பொங்கலுக்குப் பிறகு, சுண்ணாம்பை மார்கழி நடுவில் ஊறப் போடணும். நீரூற்று இல்லை. செல்ஃபி பாயிண்ட் கேட்டவர் கோவிச்சுக்கிட்டார், பேசிக்கலாம்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. கேட் சாவி யாரிடம்? காவலாளி வைக்கப் பணம் இல்லை.

மகமை (8.44)

பால் பூத் எத்தனை மணிக்குத் திறக்கும்?

பஜார்_செயலாளர் (8.46)

நாலரைக்கு. ராத்திரி கடைசியா அடைக்கிறது எதிர்ல இருக்கிற புரோட்டாக் கடை, பத்தரை ஆகும்.

மகமை (8.51)

ரெண்டு சாவி போடுங்க. பால் பூத்காரர் அஞ்சு மணிக்குத் திறக்கட்டும், புரோட்டாக் கடைக்காரர் அடைப்பைப் போடுறதுக்கு முன்னால, ஒன்பது மணிக்குப் பூட்டட்டும். அவங்க ரெண்டு பேருக்கும் மகமை கிடையாது.